வெள்ளையடித்தும் போகாத கறுப்பு

‘‘மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் எங்கள் ஊர். தளம் போட்ட வீடு. ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் உள்ளறைச் சுவர் கறுத்துப் பூசணம் பூக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. மார்கழிப் பட்டத்துக்கு வைத்திருக்கும் விதைக்கடலை மூட்டைகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் அடுக்கியிருக்கின்றன. அங்கே படுக்கும் பேரனுக்கு இரவில் இளைப்பு வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’’

- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்.

மருந்தைத் தேடும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பூசண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. சுவரில் படிந்த தூசியும் பெயின்ட்டில் உள்ள பசையுமே அவற்றுக்குத் தீனி. குறைவது ஈரம் மட்டும்தான். அது கிடைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த ‘மாண்டஸ்’ போன்ற புயலின் மழையில் ஊறிய சுவர், மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வெள்ளையடித்தால் அந்தக் கூலி வீண்தான்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. சுவரில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூசணம் அல்ல. பாதிக்குமேல் உப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய சுவர், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையே இந்த உப்பு விடவில்லை. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். உப்புக்காற்றைத் தடுக்கத்தான் கோயிலைச் சுற்றிச் சவுக்கு வைத்ததும். வீட்டில் சோதிப்பது சுலபம். வெள்ளைப் பூப்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும், பூசணம் கரையாது. கறுப்புத் திட்டில் பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளுத்தால் பூசணம், அப்படியே இருந்தால் வெறும் அழுக்கு.

அடுத்தது தண்ணீர் வரும் வழி. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்துக் கோத்தால் சுவரே ஊறுகிறது. அறைப் பக்கம் கோத்தால் அறைக்காற்றின் ஈரம்தான் காரணம். சுவரில் அடியிலிருந்து இரண்டு, மூன்றடி வரை மட்டும் ஓதம் என்றால் தரையிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து இறங்கினால் மொட்டை மாடியில் வெடிப்பு இருக்கிறதா, வடிகுழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் குற்றவாளி அந்தச் சருகுதான். காற்றின் ஈரம் என்றால், மழைநாளில் அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவதை நிறுத்துங்கள். வெயில் ஏறிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். அடைமழையில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

கறுப்பை எடுக்கும்போது காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள்; வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் நனைத்துத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கறை மிச்சமிருந்தால் 4 லிட்டர் தண்ணீருக்குக் கால் லிட்டருக்கு மேற்படாமல் பிளீச்சிங் திரவம் கலந்து தடவலாம். அதோடு கழிவறை ஆசிட்டோ வினிகரோ கலந்தால் நச்சுப்புகை வரும். ‘இரண்டும் சேர்ந்தால் நன்றாகப் போகும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பது நல்லது. அதன் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. ஓதமடிக்கும் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இனி கடலை மூட்டைகள். சுவரைவிட அவசரம் இதுதான். ஈரத்தில் கடலையைப் பிடிக்கும் மஞ்சள் பச்சைப் பூசணம் ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுக்கப் போகாது. ‘மனுஷனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடலாம்’ என்பதும் தவறு. பசு தின்றால் பாலில் இறங்கிப் பிள்ளைக்கே வந்துவிடும். கோழிக்கும் போடக் கூடாது. செக்குக்கு அனுப்பினால் எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் நஞ்சு தங்கும். பூசணம் பிடித்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். இந்த விலையில் மனம் வராதுதான்.

நல்ல மூட்டைகளை இன்றே அந்த அறையைவிட்டு எடுத்து, வெயில் கிடைத்ததும் காயவைத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். விதைப்பதற்கு முன் நூறு பருப்பை எண்ணி, ஈரச்சாக்கில் சுருட்டிவைத்து, பத்து நாளில் எழுபதாவது முளைக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே போனால் வேறு விதை வாங்குவதே மேல். தேறிய விதைக்கும் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தே விதையுங்கள்; விதையோடு போகும் பூசணம் வயலில் கழுத்தழுகலாக வரும்.

பேரனின் இளைப்புக்கும் சுவருக்கும் தொடர்பு இருக்கலாம். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் மூச்சிரைப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. சுவர் காயும்வரை காத்திருக்காமல், இன்றிரவே படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகும்போது, அறையில் பூசணம் இருப்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.