கூழின் பெருமை பேசுகிறவர்களுக்கு

பழைய சோறு இப்போது பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில், சின்ன வெங்காயத்தோடு வருகிறது. மெனு அட்டையில் 'புரோபயாட்டிக்' என்று போடுகிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆய்வே எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தர்மபுரிச் சேரிகளில் கேழ்வரகுக் கூழை யாரும் 'பாரம்பரியம்' என்று குடிக்கவில்லை. அரிசிக்கு வழியில்லாமல் குடித்தார்கள். பண்ணை வேலைக்குப் போன எங்கள் பாட்டிமார் குனிந்து ஏந்திய கையில் மேலிருந்து ஊற்றப்பட்டதும் இதே கூழ்தான். 'நம் முன்னோர் உணவு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அந்த 'நம்'முக்குள் இந்தக் கை வருமா?

அறிவியலையும் சரியாகச் சொல்லிவிடுவோம். கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். தானியத்தின் இரும்புச்சத்தை இறுகப் பிடித்திருக்கும் ஃபைட்டேட் அப்போது குறையும். உடம்பில் சத்து ஒட்டும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அடுப்பில் காய்ச்சும்போது அந்த பாக்டீரியாக்கள் செத்துவிடும். இதைப் பெருமை பேசுகிறவர்கள் சொல்வதில்லை. மீந்த களி உருண்டையில் தண்ணீர் ஊற்றி மறுநாள் வரை வைக்கிறோமே, அதில்தான் உயிருள்ளவை மறுபடி வளர்கின்றன. எந்த வகை, எத்தனை என்பது பானைக்குப் பானை மாறும். சர்க்கரையும் தீரும், புற்றுநோயும் தீரும் என்பதெல்லாம் வியாபாரம்.

சரி, உருண்டையில் ஊற்றும் அந்தத் தண்ணீர் எது? எங்கள் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, மூட்டு வலி, வளைந்த கால்கள். இதற்காகவே ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் காலனிப் பெண்கள் போர் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். ஃபுளூரைடு கொதித்தாலும் போகாது, புளித்தாலும் போகாது. பென்னாகரம் பக்கம் சத்துணவு பற்றிப் பேசப்போன எங்களிடம் ஒரு பாட்டி கேட்டார்: "கேவுரு நல்லதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா கண்ணு? தண்ணி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு."

2023-இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வரவேற்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் வெறும் கூழ் போதாது. பருப்பு வேண்டும், முட்டை வேண்டும், கறி வேண்டும். கூழைப் போற்றுகிற பலர் எங்கள் தட்டில் மாட்டுக்கறியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறோம்.

ஒகேனக்கல் தண்ணீர் ஊர்த் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, காலனிக்கு எத்தனை நாள் வருகிறது என்று ஒவ்வொரு ஊராட்சியும் பலகையில் எழுதி வைக்கட்டும். வரும் அக்டோபர் 2 கிராமசபையில் இதைத்தான் கேட்கப்போகிறோம்.