மூடி இல்லாத ரம்பம்: இனியும் பொறுப்பதற்கில்லை

வெள்ளானூரிலும் ஆவடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மனைகள் வீடுகளாகிக்கொண்டே வருகின்றன. அந்த வீடுகளுக்கு நிலையும் ஜன்னலும் அலமாரியும் செய்யும் சிறு மரப்பட்டறைகள் பலவற்றில், ரம்பத்தின் முன் நிற்பவரின் விரல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆபத்து தெரிந்தே தொடரும் இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கையில் பிடித்து அறுக்கவேண்டிய கட்டிங் மிஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பலகைக்கு அடியில் முடுக்கி, மூடியையும் கழற்றி எறிந்துவிட்டு, அதை மேசை ரம்பம் என்கிறார்கள். தொழிலாளி ஒரு கையால் ரீப்பர் கட்டையைத் தள்ளுகிறார். மறு கையால் பக்கவாட்டில் அழுத்துகிறார். விரலுக்கும் பிளேடுக்கும் நடுவே இருப்பது அந்த மரம் மட்டுமே. நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் 10 அங்குல பிளேடின் பல், மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரம் சற்றுக் கோணினாலும் பிளேடின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி, நிற்பவர் மீதே எறியும். அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடில் விழும். பிறகு, ‘கவனமாக அறுத்திருக்க வேண்டும்’ என்று தொழிலாளி மீதே பழி போடுவது அநியாயம்.

அழுத்தும் வேலையைக் கையிடமிருந்து வாங்கிக்கொள்வதற்கென்றே இருக்கிறது ஃபெதர் போர்டு. முடிச்சில்லாமல் ரேகை நேராக ஓடும் ஒரு மரத்துண்டின் முனையை 30 பாகை சரிவாக அறுத்து, அதில் சீப்புப் பற்கள் போல வரிசையாகக் கீறினால் போதும். கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்கிவிட்டால், வளைந்து கொடுக்கும் அந்தப் பற்கள் மரத்தை, மேசையின் பக்கத்தடுப்பான ஃபென்ஸோடு அணைத்துப் பிடிக்கும். முன்னே போக விடும், பின்னே வரவிடாமல் தடுக்கும். பிளேடுக்கு முன்னால்தான் இதைப் பொருத்த வேண்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் அறுபட்ட துண்டை நெருக்கி, விபத்தை அதுவே வரவழைக்கும். கடைசிப் பகுதியைத் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும். மூடியும், அறுபட்ட மரம் ஒட்டிக்கொள்ளாதபடி பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும் அப்போதும் அவசியம். கழிவு மரம், இரண்டு கிளாம்ப், சிறிது நேரம்: செலவு இவ்வளவே. ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வரக்கூடாது.

வட்ட ரம்பத்துக்கு மூடியும் பின்தகடும் தள்ளுகட்டையும் வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்சாலை விதிகளே சொல்லிவிட்டன. ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. நான்கு பேர் உழைக்கும் பட்டறை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ரம்பம் ஆள் கணக்குப் பார்த்தா வெட்டுகிறது?

மின்ரம்பம் உள்ள ஒவ்வொரு பட்டறைக்கும், ஆள் எண்ணிக்கை பாராமல், இந்த விதிகள் பொருந்தும் என்று மாநில அரசு ஆணையிட வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பட்டறை வாசலுக்கே வந்து, பாதுகாப்பாக அறுக்கும் முறையைத் தமிழிலும் இந்தியிலும் விளக்கிச் செய்து காட்ட வேண்டும். வீடு கட்டுவோர் முன்பணம் கொடுக்கும் முன் ரம்பத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறை முதலாளிகள் யாருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கழற்றிய மூடியை மாட்டி, ஃபெதர் போர்டைப் பொருத்தும்வரை ஓர் அடி மரத்தைக்கூட அறுக்கக்கூடாது.