ஏவலாள் என்று பெயரிட்டனர்!

எலிக்காகவும் ஒரு கட்டுரையா? ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பொருளே அகப்படவில்லையா? நகைப்பவர் நகைக்கட்டும், தோழர்களே! கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே பிறக்கும் கோமுகி கீழே வந்து நம் வயல்களை நனைக்கிறது. மலை நீரைப் பிடித்து வைத்தால்தான் சமவெளியிலே ஏர் நடக்கும் என்பதைக் கருணாபுரத்துக் கூலித் தோழரும் அறிவார். ஆயின், மலைமேல் அந்நீரைப் பிடித்து வைப்பது எது? அங்கே குடியிருப்போர் யார்? கேட்டோமா நாம்?

விடை காண, கல்வராயனைப்போல் இருமடங்கு உயர்ந்த நீலகிரிக்குச் செல்ல வேண்டும். அங்கே, 2,000 மீட்டருக்கும் மேலே, புல் போர்த்த குன்றுகள், குன்றின் மடிப்புகளிலே சோலைகள், தாழ்விடங்களிலே சதுப்புகள். கால் வைத்தால் புதையும் கரிய மண் அது. மடிந்த புல்லும் பாசியும் முற்றும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. அந்த அடுக்குகளைப் பிரித்து, 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றை நம் நாட்டு அறிவியலார் 1993இல் உலகுக்கு எடுத்துரைத்தனர். மழையிலே குடித்த நீரை வெயிலிலே சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் மண் அது. அந்நீர் பவானியைச் சேர்கிறது. பவானிசாகர் அணையின் கீழ் 2 இலட்சம் ஏக்கருக்கு மேல் விளைகிறது. தோடர் தம் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் அச்சதுப்பிலேதான் வளர்கிறது. நீலகிரிக்கே உரிய புல் அது.

அங்கே வரையாட்டைப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். காலடியிலே ஓடுவதைப் பார்ப்பதில்லை. கருநிற மலை மூஞ்சூறு, நீண்ட வாலால் கிளையைப் பற்றி ஏறும் மரச் சுண்டெலி, புல்லெலி — சிற்றுயிர்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பிடம். 1990களில் மேல்பவானிப் பகுதியிலே கார்த்திக் சங்கரும் சுகுமாரும் ஆராய்ந்தபோது, சோலையிலே வாழும் கூட்டம் வேறு, திறந்த புல்வெளியிலே வாழும் கூட்டம் வேறு என்று கண்டனர். ஆகவே புல்வெளி போனால் சோலைக்குள் ஓடிப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பதற்கில்லை.

இவற்றுள் ஒன்றுக்கு வெள்ளைக்காரன் இட்ட பெயரைக் கேளுங்கள். குன்னூரிலே பிடிபட்ட ஒரு சுண்டெலிக்கு 1898இல் போன்ஹோட் என்பார் ‘மஸ் ஃபாமுலஸ்’ என்று பெயரிட்டார். ஃபாமுலஸ் என்றால் இலத்தீனிலே ஏவலாள்! மலைக்கே சொந்தக்காரனை ஏவலாள் என்றழைக்க ஏகாதிபத்தியத்துக்கு என்ன துணிவு!

சரி, அவன் போனான். நாம் என்ன செய்தோம்? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணையிலே, தொல்லை உயிரிகள் என்ற தலைப்பிலே, காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் ‘எலி, சுண்டெலி’ என்று பொதுப்படையாக எழுதி வைத்தோம். எந்த எலி? கேள்வியே இல்லை! தஞ்சையிலே நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கும் எலியும், உலகில் வேறெங்கும் இல்லாத மலைச் சுண்டெலியும் ஒரே குற்றவாளிக் கூண்டிலே! வரப்பைத் துளைக்கும் எலியை உழவன் பிடிப்பதை எவரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் ஒருவன் திருடினான் என்று ஊரையே சிறையிலடைப்பது நீதியா? 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிற்று. ஐம்பது ஆண்டு பிடித்தது அதற்கு. இதற்கிடையே, ஏவலாள் சுண்டெலியும் நீலகிரி மரச் சுண்டெலியும் அழியும் ஆபத்திலுள்ளவை என்று பன்னாட்டுச் செம்பட்டியலிலே ஏறிவிட்டன.

சட்டத்தைவிடப் பெரிய கேடு வேறு. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சீகை மரத்தைப் புல்வெளியிலே நட்டார்கள். கற்பூர மரத்தையும் நட்டார்கள். புல்வெளியைத் ‘தரிசு’ என்றார்கள்! மரமில்லாத இடமெல்லாம் தரிசு என்பது வெள்ளைக்காரக் காட்டிலாகாவின் கணக்கு. விடுதலைக்குப் பின்னும் அதே பேரேட்டிலே நாம் வரவு வைத்தோம். 1950களிலே குந்தா மின்திட்டம் வந்தது. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானிப் பள்ளத்தாக்குகள் அணைநீரிலே மூழ்கின. அவற்றின் சதுப்புகளும் மூழ்கின. அந்த மின்சாரம் நம் ஆலைகளுக்கும் இறைப்புப் பொறிகளுக்கும் வேண்டியிருந்தது, மறுப்பது நேர்மையாகாது. கொடுத்த விலையைக் கணக்கிலே எழுதாமல் விட்டதுதான் பிழை.

கடல் கடந்த தமிழர் உழைக்கும் நுவரெலியாவிலும் இதே கதை. அங்குள்ள மலைச் சதுப்போரங்களிலே, நீண்ட நகத்தால் ஈரமண்ணைத் தோண்டிப் புழுவுண்ணும் மூஞ்சூறு ஒன்று உண்டு. கெலார்ட் என்ற மருத்துவர் 1850இலேயே அதை விவரித்தார். ஆனால் மலைக்காடுகளைத் தேயிலை விழுங்கிற்று. தோட்டத் துரைமாருக்கு நம்மவர் உயிரே பொருட்டில்லை, மூஞ்சூறு எம்மாத்திரம்?

நல்லதும் நடக்கிறது. 2022இலே வரையாட்டுக்கென 25 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது, வரவேற்போம். கோத்தகிரியின் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், 2024 ஜனவரியிலே ராம்சர் பட்டியலிலே இடம்பெற்றது, மகிழ்வோம். ஆனால் பட்டியலிலே ஏறாத சதுப்புகள், ஓர் ஏக்கரும் அரை ஏக்கருமாகத் தேயிலைக்கும் கேரட் பாத்திக்கும் நடுவே கிடப்பவை, அவற்றின் கதி? வடிகால் வெட்ட ஒரு மண்வாரி இயந்திரம் போதும். ஒரு பகற்பொழுது போதும். சிறு உழவனை அதற்காகத் தூற்ற மாட்டேன். சதுப்பை விட்டு வைத்தால் அவனுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் ஆட்சியாளர்.

வனத்துறை மானியக் கோரிக்கை மீண்டும் அவைக்கு வரும். நம் உறுப்பினர் எழுந்து மூன்று கேள்வி கேட்கட்டும்: நீலகிரியிலே மலைச் சதுப்பு எத்தனை? அவற்றுள் கடந்த பத்தாண்டிலே வற்றியவை எத்தனை? அங்கு வாழும் சிற்றுயிர்களை எண்ண ஆள் எத்தனை பேர்?