கைப்பேசிக் காசு: விருப்பமா, நிர்ப்பந்தமா?

கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் எம் மலையக இளைஞர் கைப்பேசியாற் பணம் செலுத்தப் பழகிவிட்டமைக்கு நவீன மோகமே காரணம் என்பர் சிலர். பயன்பாட்டின் எளிமையே காரணம் என ஆய்வுச் சூத்திரம் உரைப்போரும் உளர். இருசாராரும் தொழிலாளியின் நாட்பொழுதை மறந்தனர்.

பொல்பிட்டியவிலிருந்து தலைநகர் சென்றவர் மாதந்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்பியாக வேண்டும். தபாற் கந்தோரிற் காசுக்கட்டளை பெற வரிசையில் நிற்பதாயின் வேலை நேரம் பறிபோகும். நாட்சம்பளக்காரருக்கு நேர இழப்பே கூலி இழப்பு. 2012இல் அறிமுகமான ஈசி கேஷ் போன்ற சேவைகள் அவ்வரிசையை நீக்கின. 2018இல் மத்திய வங்கி தொடக்கிய லங்கா கியூஆர் சில்லறைக் கடையையும் இவ்வலையுள் இணைத்தது. எனவே தூண்டுகோல் மோகமன்று. ஓய்வற்ற உழைப்பும் குடும்பக் கடமையுமே. நிர்ப்பந்தத்தை விருப்பமெனப் புகழ்வது ஆய்வாகாது.

காசு காணாக் கணக்கு எமக்குப் புதிதுமன்று. 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை எம் மூதாதையரைப் பிணித்திருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்கள் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிய தாளே துண்டு. அதனைக் கங்காணி வைத்திருந்தான். கடன்பட்டோருட் பெரும்பாலோர்க்கு அதை வாசிக்கத் தெரியாது. இன்று கணக்கிற் கழிவை அறிவிக்கும் குறுஞ்செய்தி, பெறுபவருக்கு விளங்காத மொழியில் வருமாயின், அதுவும் ஒரு துண்டே.

கருவியை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. தமிழிற் கணக்கும், முன்கூட்டியே அறிவிக்கப்படும் கட்டணமும் கோருகிறோம். 1969 முதல் பொல்பிட்டிய நீர்மின் நிலையம் நாட்டிற்கு ஒளியூட்டுகிறது. அவ்வொளியில் தம் கணக்கைத் தாமே வாசிக்கும் உரிமை அங்குள்ள உழைப்பாளருக்கு வேண்டாமா?