தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவோம்!

ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்கு நடக்குற விநோதத்தைக் கவனிச்சிருக்கீங்களா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் ரூம்ல ஜம்முனு ஓடின புரோகிராம், எக்ஸ்டெர்னல் பக்கத்துல வந்து நின்னதும் மட்டும் மல்லாந்து படுத்துக்கும். 'சார், இப்போ வரைக்கும் ஓடுச்சு சார்'னு நாம சொல்ற டயலாக்கை நம்பின எக்ஸ்டெர்னல் இதுவரைக்கும் பிறக்கலை.

இது நமக்கு மட்டும் இருக்குற கஷ்டம் இல்லை பாஸ். 2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில காட்டினார் இல்லையா? அந்த போன் அப்போ முழுசா தயாராகலை. எந்த ஆப்புக்குப் பின்னாடி எந்த ஆப்பைத் திறந்தா போன் ஹேங் ஆகாதுன்னு அவங்க இன்ஜினீயர்கள் முன்கூட்டியே ஒரு வரிசை போட்டு வெச்சிருந்தாங்க. ஜாப்ஸ் அந்த வழியை விட்டு விலகாமப் போனார், ஜெயிச்சார்.

ஆனா இப்போ வர்ற கஸ்டமர் கைகட்டி வேடிக்கை பார்க்க ரெடியா இல்லை. 'இப்படிக் குடுங்க, நானே அமுக்கிப் பார்க்கறேன்'ங்கறார். அதுக்காக வந்ததுதான் 'இன்டர்ஆக்டிவ் டெமோ'. சாஃப்ட்வேரோட திரைகளை அப்படியே பிடிச்சு, வரிசையா கோத்து, எங்கே அமுக்கணும்னு புள்ளி வெச்சுக் காட்டுவாங்க. நீங்க அமுக்கினா அடுத்த திரை வரும். இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு லிங்க் போதும். வீடியோன்னா நீங்க ரசிகர். இதுல ஸ்டீயரிங் உங்க கையில.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 2011-ல சரவணகுமார் ஆரம்பிச்ச கோவை.கோ நம்ம கோயம்புத்தூர் கம்பெனிதான். சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுத உதவற 'டாக்குமென்ட்360' அவங்களோடது. அவங்க 2024-ல பெங்களூரோட ஃப்ளோயிக்கை வாங்கினாங்க. ஃப்ளோயிக்கோட தொழிலே இந்த மாதிரி டெமோ செய்யறதுதான். படிக்கற கையேட்டோட, தொட்டுப் பார்க்கற கையேடும் ஒரே கூரைக்குள்ள வந்தாச்சு!

ஒரே மெஷின், மூணு கேள்வி

ஒரே டெமோவை எல்லா டீமும் எப்படிப் பயன்படுத்தறது? இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெஸ்ட் உதாரணம், நாம ஓட்டுப் போடற மெஷின். தேர்தல் வந்தா தேர்தல் ஆணையம் அதை ஊர் ஊரா கொண்டுவந்து வைக்கும். நீங்களும் நானும் பட்டனை அமுக்கி, விவிபாட்ல சீட்டு 7 விநாடி தெரியறதைப் பார்க்கலாம். வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு அதே மாதிரி மெஷின்ல தனிப் பயிற்சி. ஓட்டுப்பதிவு அன்னிக்குக் காலையில, கட்சி முகவர்கள் முன்னாடி குறைஞ்சது 50 ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அதையெல்லாம் அழிச்ச பிறகுதான் நிஜ ஓட்டே ஆரம்பிக்கும்.

மெஷின் ஒண்ணுதான். ஆனா வோட்டரோட கேள்வி, 'எப்படி அமுக்கறது?' அலுவலரோட கேள்வி, 'நடுவுல நின்னுட்டா என்ன செய்யறது?' முகவரோட கேள்வி, 'எண்ணிக்கை சரியா வருதா?' ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு டெமோ. கம்பெனியிலயும் இதே கதைதான்.

சோமனூர் தறிக்கு வருவோம்

நான் இன்டர்ன்ஷிப் பண்றது விசைத்தறிக் கணக்குக்கு சாஃப்ட்வேர் செய்யற ஒரு குட்டி கம்பெனியில. கஸ்டமர்ஸ் எல்லாம் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவுல இருக்குற சோமனூர் பக்கம். திருப்பூர்னா பனியன், சோமனூர்னா காடா துணி. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் கூலிக்கு நெய்து துணியாத் திருப்பித் தருவார். கூலி 'பிக்' கணக்கு, அதாவது ஒரு இன்ச் துணியில எத்தனை ஊடை இழைங்கறது.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? (நிஜ ரேட் இல்லை, சும்மா ஈஸியான எண்கள்!) 52 பிக் துணி, பிக்குக்கு 10 பைசான்னா மீட்டருக்கு 5 ரூபா 20 பைசா. யாரோ 52-க்குப் பதிலா 50-னு தட்டிட்டா 1,000 மீட்டருக்கு 200 ரூபா காலி. இந்தப் பைசாவுக்காகத்தான் 2022-லயும் 2025-லயும் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரங்க கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்குல தறியை நிறுத்தினாங்க. அப்போ நம்ம டெமோ எதைக் காட்டணும்? கலர் கலரா கிராஃபையா? அந்தப் பிக் கட்டத்தையா?

ஒரு தறிக்கூடத்துல டெமோவை போன்ல ஓப்பன் பண்ணி ஓனர்கிட்டக் குடுத்தேன். "ஏங்கண்ணு, நான் தொட்டா உள்ள இருக்கற கணக்கு அழிஞ்சு போயிறாதுங்களே?"ன்னு கேட்டார். "அழியாதுங்கண்ணா, இது சும்மா ஒத்திகைதானுங்க. அமுக்குங்க"ன்னேன். கிராஃபை ஒரே தள்ளுல தாண்டிட்டு, பிக் கட்டத்துல போய் நின்னார். 52-ஐ 48 ஆக்கினார், கூலி குறைஞ்சது. 56 ஆக்கினார், ஏறுச்சு. பக்கத்துல இருந்த நோட்டுல மனக்கணக்கு போட்டுச் சரிபார்த்துட்டு, "செரி, மீதியக் காட்டு"ன்னார். ஒரு கட்டம்தான், ஆனா அங்கேதான் அவர் நம்பினார்.

இந்த டெமோவை ஒவ்வொரு டீமும் எப்படி எடுத்துக்குதுன்னு பாருங்க. சேல்ஸுக்கு இந்தப் பிக் கட்டம்தான் ஆயுதம். ட்ரெய்னிங் டீமுக்கு, தினமும் மீட்டர் போடப்போற கணக்கரோட வேலை மட்டும் போதும். 'துணி திரும்பி வந்தா எப்படிக் கழிக்கிறது?'ன்னு போன் வந்தா சப்போர்ட் டீம் அரை மணி நேரம் தொண்டை தண்ணி வத்தப் பேசறதில்லை, அந்த நாலு திரையை மட்டும் லிங்க்கா அனுப்பிடும். புரோகிராமர்ஸ், கோடு எழுதறதுக்கு முன்னாடியே புதுத் திரையோட டெமோவை நாலு பேர்கிட்டக் குடுத்து, எங்கே முழிக்கறாங்கன்னு பார்ப்பாங்க. அமுக்கறவர் எந்தத் திரையோட நிறுத்திட்டுப் போனார்னும் இந்த டெமோவுல தெரிஞ்சுடும். பத்து பேரும் ஒரே இடத்துல நின்னா, தப்பு பத்து பேர்கிட்ட இல்லை, நம்ம திரையில!

ஜாக்கிரதை மச்சி!

ஒண்ணு: நிஜக் கஸ்டமரோட திரையைப் பிடிச்சு டெமோ செய்யறது. பேரை மட்டும் மாத்திட்டா போதும்னு நினைப்பாங்க. சோமனூர்ல அது செல்லாது. இத்தனை தறி, இந்த ரகம், இந்தக் கூலின்னு சொன்னாலே, ஆள் யாருன்னு டீக்கடையில சொல்லிடுவாங்க. அவர் வாங்கற ரேட் பக்கத்துத் தறிக்காரருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு ஜவுளிக்காரர்கிட்ட அவர் எப்படிப் பேரம் பேசுவார்? அதனால டெமோ டேட்டா முழுக்க நாமளே உருவாக்கினதா இருக்கணும்.

ரெண்டு: பழைய டெமோ. சாஃப்ட்வேர்ல பட்டன் இடம் மாறியிருக்கும், டெமோவுல மாறியிருக்காது. எல்லா டீமும் பயன்படுத்தற பொருளுக்கு யாருமே சொந்தக்காரர் இல்லைன்னா இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டெமோவைத் திருத்த ஒருத்தர் பேரை எழுதி வெச்சுடணும்.

மூணு: இல்லாததை இருக்கற மாதிரிக் காட்டறது. 2023 டிசம்பர்ல கூகுள் தன்னோட ஜெமினியை ஒரு வீடியோவுல காட்டுச்சு. படத்தைப் பார்த்து உடனுக்குடன் பதில் சொல்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, இடைவெளியைக் குறைச்சும் பதிலைச் சுருக்கியும் எடிட் பண்ணினதாம். கூகுளுக்கு ரெண்டு நாள் கிண்டலோட போச்சு. குட்டி கம்பெனி சோமனூர்ல இப்படிப் பண்ணினா, அடுத்த தறிக்கூடத்துக்குள்ள கால் வைக்க முடியாது. இன்னும் தயாராகாத திரைன்னா 'வரப்போகுது'ன்னு அதுலயே எழுதிடுங்க. நஷ்டமே இல்லை.

ஃபைனல் இயர் மக்களே, உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க ப்ராஜெக்டோட ஆறே ஆறு திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒண்ணை அமுக்கினா அடுத்தது வர்ற மாதிரி பிரசன்டேஷன்ல லிங்க் போடுங்க. காசு செலவு கிடையாது. அதைக் க்ளாஸ்மேட்கிட்டக் குடுக்காதீங்க, அவன் ஏற்கெனவே உங்க கோடை காப்பி அடிச்சவன்! அம்மாகிட்ட, கேன்டீன் அண்ணாகிட்ட, வேற டிபார்ட்மென்ட் ஜூனியர்கிட்டக் குடுங்க. குடுத்துட்டு வாயைத் திறக்காம பக்கத்துல உட்காருங்க. அவங்க விரல் எங்கே தயங்குதோ, அங்கேதான் உங்க அடுத்த வார வேலை இருக்கு.

அடுத்த வாரம் பார்ப்போம். ஜூட்!