பின்னே நிற்பவரின் பொழுது

பேராதனையில் தொடங்கிக் கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, வெலிமடை, பதுளை, பசறை என்று இறங்கி, எங்கள் லுணுகலையைத் தொட்டுக்கொண்டு பிபிலைக்கும் அதற்கப்பால் செங்கலடிக்கும் ஓடுகிற ஏ-5 நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்தவர்கள், நுவரெலியா நகரின் நடுவிலேயே, உயர்ந்த மரங்களுக்கிடையில் சீராக வெட்டிய புல்வெளி ஒன்று மேடும் பள்ளமுமாக விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே, 1889இல் வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் தோன்றிய நுவரெலியா கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம் அது. பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, யானை வேட்டையால் பெயரெடுத்து, 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் கல்லறையும் அம்மைதானத்தை அடுத்த பழைய மயானத்தில்தான் இருக்கிறது. ஆகவே எங்கள் ஊவா மாகாணத்துக்கு அந்த இடம் முற்றிலும் அந்நியமானதன்று.

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கும் அந்த ஆட்டம் அந்நியமன்று. புல்லை வெட்டியவர்களிலும், மண்ணைக் கொத்தி நிரவியவர்களிலும், துரைமாரின் மட்டைப்பையைத் தோளில் சுமந்து குழிக்குக் குழி நடந்தவர்களிலும் எங்களவர்கள் இருந்திருக்கிறார்கள். இன்றோ என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற இலங்கைத் தமிழ் வீரர்கள் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் மட்டை பிடிக்கிறார்கள். ஆட்டத்தின் நடை, அதாவது ஒரு சுற்று எவ்வளவு பொழுதில் முடிய வேண்டும் என்கிற விவகாரம், கிளப்பின் சுவர்களுக்குள் அங்கத்தவர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டிய ஒன்றல்ல என்று நான் எண்ணுவதற்கு இதுவே காரணம். அந்தப் பொழுதைச் செலவழிப்பவர்கள் ஆடுகிறவர்கள் மட்டுமல்லர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான்கு பேர் சேர்ந்து ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் பந்தை 90 முறை அடித்துச் சுற்றை முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 360 அடிகள். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள், ஒருவர் தம் முறை வந்தபின் இடையூறின்றி அடிக்கக்கூடிய நிலையில் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று ஆலோசனை கூறுகின்றன. 360 அடிக்கும் நாற்பது நாற்பது விநாடியாகச் செலவிட்டால் சரியாக நான்கு மணி நேரம். ஒவ்வொரு அடிக்கும் பத்தே பத்து விநாடியை மேலதிகமாக எடுத்துக்கொண்டால் ஐந்து மணி நேரம். ஒரு முழு மணி நேரத்தை விழுங்குவது, எவருடைய கண்ணுக்கும் குற்றமாகத் தோன்றாத அந்தப் பத்து விநாடிதான்.

அது எங்கே போகிறது என்பதைச் சாலையோரத்தில் சற்று நின்று பார்த்தாலே விளங்கும். தம் முறை வந்த பிறகே கையுறையைத் தேடி மாட்டத் தொடங்குகிறார் ஒருவர். பந்தைக் குழியில் விட்டபின், பின்னால் வருகிறவர்கள் தூரத்தில் மட்டையை ஊன்றிக் காத்திருப்பதைக் கவனியாமல், குழியைச் சூழ்ந்த கிரீன் என்னும் புல்தரையிலேயே நின்று அட்டையில் எண்ணிக்கையை எழுதுகிறார் இன்னொருவர். மூன்றாமவர் குழியின் இந்தப் பக்கமிருந்து ஒரு முறையும் அந்தப் பக்கமிருந்து ஒரு முறையும் குந்தி அமர்ந்து சரிவை அளக்கிறார். இவர்களுடைய பைகளைச் சுமந்து வந்த கேடிகளோ, நுவரெலியாவின் பிற்பகல் தூறலில், கொடிக்கம்பை ஒரு கையில் பிடித்தபடி, நனைந்த கைப்பிடிகளைத் துவாயால் துடைத்துத் துடைத்து மறுபடியும் நனைய விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அடிக்கும் கணத்தில் எவரும் அவசரப்படத் தேவையில்லை. அடிக்கும் கணத்துக்கு முன்னே ஆயத்தமாக இருந்தால் போதும். பழைய சம்பிரதாயப்படி குழிக்கு மிகத் தூரத்தில் உள்ளவரே முதலில் அடிக்க வேண்டும் என்றிருந்ததைத் தளர்த்தி, அடி எண்ணிக்கைப் போட்டிகளில் ஆயத்தமாக இருப்பவர் முன்னதாக அடிக்கலாம் என்று அதே விதிகள் ஊக்கமளிக்கின்றன. காணாமற்போன பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிஷம் இருந்ததை மூன்று நிமிஷமாகக் குறைத்தன. கொடிக்கம்பைப் பிடுங்காமலே பந்தைக் குழிக்குள் உருட்டவும் அனுமதித்தன. இவை யாவும் நல்ல மாற்றங்களே.

ஆனால், தாமதம் என்றவுடனே ஆடுகிறவனையே குற்றவாளியாக்கும் போக்கை நான் ஏற்பதற்கில்லை. பெரும்பாலான தாமதத்துக்கு விதை போடப்படுவது மைதானத்தில் அல்ல, அன்று காலை காரியதரிசியின் மேசையில் விரித்திருக்கும் அட்டவணையிலே. நீளமான ஒரு குழியில் முன்னே சென்ற நால்வர் இரண்டாம் அடியை அடித்து நகர்ந்ததும் பின்னால் உள்ளவர்கள் தொடங்கிவிடலாம். மூன்றே அடியில் முடிக்கவேண்டிய குறுங்குழியில் அது நடவாது. முன்னவர்கள் கிரீனை விட்டு முற்றாக விலகும்வரை பின்னவர்கள் தொடக்க மேடையிலேயே நிற்க வேண்டும். அந்தக் குறுங்குழியை முடிக்கப் பத்து நிமிஷம் ஆகிறது, கிளப்போ ஏழு நிமிஷத்துக்கு ஓர் அணியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியும் தனக்கு முன்னே சென்றதைவிட மூன்று நிமிஷம் அதிகமாகக் காத்திருக்கும். பத்தாவது அணி வந்து சேரும்போது காத்திருப்பு 27 நிமிஷமாகிவிடும். அத்தனை பேரும் அர்ச்சுனனைப் போல் அம்பு தொடுத்தாலும் இந்த 27 நிமிஷத்தைக் குறைக்க முடியாது.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய தத்துவமல்ல. ஒரே தராசில் மூன்று மலையின் கொழுந்தையும் ஒரே நேரத்தில் நிறுக்க அழைத்துவிட்டு, வரிசை நீள்கிறதே என்று நிறையோடு நிற்கிற பெண்களைக் கண்டிக்கிற கணக்கப்பிள்ளையை எவரும் நியாயவான் என்று சொல்ல மாட்டார்கள். அழைக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

தண்டனையால் நடையைத் திருத்தலாம் என்பாரும் உண்டு. நியாயமற்ற தாமதத்துக்கு முதலில் ஓர் அடி, அடுத்ததற்கு இரண்டு அடி, மூன்றாவதற்குப் போட்டியை விட்டே நீக்கம் என்று விதி இருக்கத்தான் செய்கிறது. அது யார்மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2013இல் அமெரிக்காவின் ஒகஸ்டா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், உலகத்தின் மகா நிபுணர்களெல்லாம் ஆடிக்கொண்டிருக்க, இரண்டாம் நாளில் 17ஆம் குழியில் தாமதத்துக்காக ஓர் அடி தண்டம் விதிக்கப்பட்டது குவான் தியான்லாங் என்ற 14 வயதுச் சீனச் சிறுவனுக்கு. விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்பையன் முகங்கோணாமல் ஏற்றுக்கொண்டு ஆடி, மறுநாளும் களத்தில் இருந்தான். எனினும், நெடுங்காலமாக நிதானத்துக்குப் பெயர்போன பெரியவர்கள் பலர் தப்பித்துக்கொண்டே வந்த விளையாட்டில், கண்டிப்பு என்று வரும்போது அது ஒரு பாலகனைத் தேடிப் பிடித்ததைப் பார்க்க, தண்டனையை நம்பி மட்டும் ஒரு கிளப்பை நடத்துவது உசிதமல்ல என்றே எனக்குப் படுகிறது. முதியவர்களும் புதிதாக மட்டை பிடித்தவர்களும் வெட்கி விலகிப் போவதுதான் அதனால் விளையக்கூடிய பலன்.

ஓய்வுக்காக ஆடும் ஆட்டத்தில் கடிகாரம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். 1879இல் தோன்றிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை போகிறது. வண்டி கடந்து போகும்வரை ஆட்டக்காரர்கள் நிற்பார்கள், அதில் எவருக்கும் மனக்கசப்பு இல்லை. தவிர்க்க முடியாத காத்திருப்பை மனிதர் பொறுப்பர். பக்கத்திலுள்ளவன் தன்னை நினைக்கவில்லை என்று தெரிந்து காத்திருப்பதுதான் ஓய்வைக் கெடுப்பது. முன்னே இடம் காலியாகக் கிடக்க, பின்னே வேகமாக வருகிறவர்களுக்குக் கைகாட்டி வழிவிடுகிற அந்தப் பழைய மரியாதை அருகிப் போனதில் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் தொடுவது கேடியின் பொழுது. பெரும்பாலான இடங்களில் கேடிகளுக்கு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நான்கு மணி நேரத்தில் முடிந்தாலும் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தாலும் கையில் விழுவது அதே தொகை; ஆட்டக்காரர் விரும்பிக் கொடுக்கிற சன்மானம் வேறு. காலையில் ஒரு சுற்று முடித்துப் பிற்பகலில் இன்னொன்றுக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தவருக்கு, முதற் சுற்று நீண்டால் இரண்டாவது கைநழுவிப் போகிறது. நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி, என்று பொழுதையும் நிறையையும் ஈவிரக்கமின்றி அளந்து கூலி கொடுக்கிற உலகத்திலிருந்து வந்தவர்கள் நாம். அவ்வளவு கறாராக அளக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை, பிறருடைய உல்லாசத்துக்காக ஒன்றரை மணி நேரத்தை அளவே இல்லாமல் கொடுத்துவிட்டு வருகிறான் என்றால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு உரியவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். இத்தனைக்கும், காட்டோரத்தில் விழுந்த பந்தைக் கண்ணால் தொடர்ந்து வைத்து உடனே எடுத்துக்கொடுத்து, ஆட்டத்தை விரைவுபடுத்துகிறவனும் அவன்தான்.

சித்திரை வந்தால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். ஊரே நிரம்பி வழியும், மைதானமும் நிரம்பும். பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்படும் நால்வர் ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், ஆறரை மணி இருட்டில்தான் கடைசிக் குழியைத் தேடுவார்கள்; நடுவே மழை பிடித்தால் அதுவும் இல்லை. ஆகையால் மலைநாட்டுக் கிளப்புகளின் நிர்வாக சபைகள் அக்கூட்டம் வருவதற்கு முன்பே சில காரியங்களைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அணிக்கும் அணிக்கும் இடையே பத்து நிமிஷத்துக்குக் குறையாத அவகாசம் விடட்டும். அதனால் ஒரு நாளில் சில அணிகளின் கட்டணம் குறையும், குறையட்டும். குறுங்குழிகளில் கிரீனை அடைந்தவர்கள் ஒதுங்கி நின்று, பின்னவர்களை முதல் அடி அடிக்க அழைக்கிற வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரட்டும். பந்து தொலைகிற ஓரங்களில் புல்லைத் தாழ வெட்டட்டும். நான்கரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிற ஒவ்வொரு சுற்றுக்கும், மேலதிக நேரத்துக்கு உரிய கூலியை ஆட்டக்காரரின் கணக்கில் எழுதி, அன்று மாலையே கேடியின் கையில் கொடுக்கட்டும்.