சைக்கிள் கொடுத்தார்கள், ஸ்பேனர் எங்கே?

நம் மலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை ஒரு சுற்று பார்த்து வாருங்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ, விறகு அடுக்கிய தாழ்வாரத்திலோ ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். முன் சக்கரத்தில் கோட்டம், செயினில் துரு, பின் டயரில் காற்றே இருக்காது. அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டிதான். பிளஸ் ஒன்னில் வந்தது, பிளஸ் டூ முடிவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டது. நாமெல்லாம் ஐம்பத்தெட்டு வயது வரை உழைத்த பிறகுதானே ஓய்வு பெற்றோம்!

திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. என் கோபமெல்லாம் அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றித்தான். அதாவது, ஒன்றுமே நடக்காததைப் பற்றி. மேடை போடுகிறார்கள், சைக்கிள் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கலைந்து போகிறார்கள். பஞ்சர் ஒட்டுவது எப்படி, பிரேக் கட்டையை எப்போது மாற்றுவது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கொடுக்காத கதைதான்.

சமவெளியில் இது வெறும் தொல்லை. நம் மலையில் இது உயிர் விஷயம். நாகலூரோ வாழவந்தியோ மஞ்சக்குட்டையோ, எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளிவிடுவார்கள். இறக்கத்தில் பிரேக் ஒன்றுதான் துணை. அந்த இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை பிடிக்காமல் வழுக்கும் என்பது சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் தெரியும். நமக்கோ மழை இல்லாத நாளில் பனிமூட்டம். கட்டை தேய்ந்து, கம்பி தளர்ந்த வண்டியில் ஒரு பதினாறு வயதுப் பெண் ஈர ரோட்டில் இறங்கி வருகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். கட்டையை மாற்றிக் கம்பியை முடுக்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷ வேலையைக் கற்றுக்கொள்ள இங்கே அவளுக்கு ஓர் இடம் வேண்டாமா?

இதற்கான வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 2002-ல் சில பேர் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் தொடங்கினார்கள். 'சைக்கிள் சமையலறை' என்றே அதற்குப் பெயர். பிரான்ஸில் இத்தகைய பட்டறைகள் நிறைய முளைத்து, 2010-ல் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பே அமைத்துக்கொண்டன. முறை மிக எளிது. ஸ்பேனர், பம்பு, டயர் லீவர், ஸ்போக் சாவி எல்லாம் சுவரில் மாட்டியிருக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பார். ஆனால் உங்கள் சைக்கிளை அவர் தொடமாட்டார். நீங்களேதான் கழற்றி மாட்ட வேண்டும். முடிந்ததைக் கொடுத்துவிட்டுப் போகலாம். லாபம் என்ற பேச்சே இல்லை. ஓடாத பழைய வண்டிகளைப் பிரித்து, தேறும் சாமான்களை இன்னொரு வண்டிக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்குப் புதுக்கோட்டையை ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் 1996-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை எழுதி உலகறியச் செய்தார். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கற்றுக் கொடுத்ததுதான் அங்கே நடந்த அதிசயம். ஓட்டுவதை அப்படிப் பரப்ப முடிந்த தமிழ்நாட்டில், பழுது பார்ப்பதைப் பரப்ப முடியாதா?

"மலையில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பார்கள். ஓட்ட மாட்டார்கள் என்றால் எதற்காகக் கொடுத்தீர்கள்? "பழுதானால் சேலத்துக்குக் கொண்டு போகட்டும்" என்பார்கள். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. அறுபது ரூபாய் வேலைக்கு வண்டி வாடகையும் ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால்தான் அது தாழ்வாரத்தில் நிற்கிறது.

"பஞ்சர் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?" என்பது ஒன்றுதான் நியாயமான கேள்வி. அவர் பிழைப்பை ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் மாற்றிவிட்டது. கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவரையே வாரம் இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வாத்தியாராக உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கும் தொழில் தெரியும், அவருக்கும் மரியாதை. இன்னொன்றும் உண்டு. கடை வாசலில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று பஞ்சர் பார்க்கப் பெண் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பள்ளி வளாகத்தில் ஓர் அறை இருந்தால் அந்தக் கூச்சம் இருக்காது.

பணம் இல்லையென்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மே மாதம் வந்தால் கோடை விழாவுக்கு ஊரே பூவால் நிறைகிறது. நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தச் செலவுக்கு முன்னால் இரண்டு செட் ஸ்பேனரும் ஒரு பம்பும் ஒரு டப்பா கிரீஸும் எம்மாத்திரம்? ஊராட்சி ஒன்றியமும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் மனது வைத்தால் ஒரு காலி அறை கிடைக்காதா?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பால்ரஸ்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, பொட்டு வைத்தவர்கள் நாம். டைனமோ விளக்கு எரியாமல் போனால் போலீஸ் பிடிக்குமே என்று நாமே ஒயரைச் சரி செய்தவர்கள். அந்தக் கைப்பழக்கத்தை நம்மோடு கொண்டுபோய் என்ன செய்யப் போகிறோம்? சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் உட்கார நான் தயார். இன்னும் நாலு பேர் சேர்ந்தால், அறை கேட்டு மனுவோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போகலாம். வீட்டில் பழைய ஸ்பேனர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் போட்டு எடுத்து வையுங்கள்.